பெயருள்ள நிலத்தில் ஒரு சைக்கிள் பயணம்



சைக்கிளில் போய்த் திராட்சைத் தோட்டம் பார்ப்பது, இதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள். கேட்டதும் சிலர் முகத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன், கதவைத் திறந்தால் திராட்சைப் பந்தல் தெரியும் வீட்டில் வளர்ந்தவன், திராட்சை பார்க்க 8,000 கிலோமீட்டர் போக வேண்டுமா? நியாயமான கேள்வி. நான் புறப்பட்ட அன்று என் தாயாரும் இதைத்தான் கேட்டார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கிறேன்.

என் மகள் பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதம், வகுப்புத் தொடங்குவதற்கு முன்னால் அவளுக்குக் கொஞ்சம் விடுமுறை இருந்தது. "அப்பா, பாரிஸ் எல்லாம் அப்புறம் பாக்கலாம். ரெண்டு சைக்கிள் எடுத்துக்கிட்டு பர்கண்டிக்குப் போவோம். உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். எனக்கு வயது அப்போது ஐம்பத்தாறு. சைக்கிளை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. சரி என்றேன்.

பர்கண்டி பிரான்ஸின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே திழோன் நகரத்திலிருந்து தெற்கு நோக்கி ஒரு நீண்ட மலைச்சரிவு ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அகலமோ, பல இடங்களில் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். நடுவில் போன் என்ற சிறிய ஊர். 1443இல் ஏழை நோயாளிகளுக்காக நிறுவிய மருத்துவமனை ஒன்று, வண்ண ஓடு வேய்ந்த கூரையோடு இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. அந்த மருத்துவமனைக்குப் பலர் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். அவற்றில் விளையும் திராட்சையின் மதுவை 1859 முதல் நவம்பர் மாதத்தில் ஏலம் விடுகிறார்கள். வரும் பணம் அறப்பணிக்குப் போகிறது. அந்தப் போன் நகரின் பூங்காவிலிருந்துதான் எங்கள் பாதை தொடங்கியது. திராட்சை வழி என்று அதற்குப் பெயர். தெற்கே சாந்தனே என்ற ஊர் வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டர். தோட்டங்களுக்குள் டிராக்டர் போவதற்குப் போட்ட சிறு பாதைகளைத்தான் சைக்கிளுக்கும் அடையாளப்படுத்தி வைத்திருக்கிறார்கள். இருபக்கமும் கொடி. கையை நீட்டினால் இலை.

நண்பர்களே, அங்கே எனக்கு முதலில் பட்டது எது தெரியுமா? குனிய வேண்டியிருந்தது! நாம் திராட்சையை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். பந்தல் தலைக்கு மேலே. குலை கண்ணுக்கு மேலே. நிழலில் நின்று அறுப்போம். அங்கே கொடி இடுப்பளவுதான். ஒரு மீட்டருக்கு ஒரு கொடி என்று நெருக்கி நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 10,000 கொடி. நம் கணக்கில் ஏக்கருக்கு நாலாயிரம். அறுப்பவர்கள் முதுகை ஒடித்துக் குனிந்துதான் குலையை வெட்டுகிறார்கள். டிராக்டர்கூடக் காலை அகட்டி நிற்பதுபோல உயரமாக, கொடி வரிசை தன் வயிற்றுக்குக் கீழே போகும்படி நகர்கிறது. நமக்கு ஆண்டில் இரண்டு முறை, மூன்று முறை அறுவடை உண்டு. அவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஏப்ரலில் துளிர் விட்ட நேரத்தில் உறைபனி விழுந்தால் அந்த ஒன்றும் போச்சு. 2021 ஏப்ரலில் அப்படி விழுந்தது. இரவெல்லாம் கொடிகளுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக் காவல் இருந்தார்கள். நமக்கு மழை எப்படியோ, அவர்களுக்குப் பனி அப்படி.

இனி என் மனசுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

போனிலிருந்து கிளம்பிப் பொம்மார் என்ற ஊரைத் தாண்டினோம். அடுத்த ஊர் வொல்னே. அது மேட்டில் இருக்கிறது. காரில் போயிருந்தால் மேடு என்றே தெரிந்திருக்காது. சைக்கிளில் தெரிந்தது. முதலில் தொடைக்குத் தெரிந்தது, பிறகு மூச்சுக்குத் தெரிந்தது. ஊரைத் தாண்டி இன்னொரு சிறு ஏற்றத்தில் கியர் மாற்றினேன். செயின் கழன்று பின்சக்கரப் பல்லுக்கும் கம்பிக்கும் நடுவே போய் இறுகிக்கொண்டது. வாடகைக்கு எடுத்த வண்டி. செயின் எண்ணெய் கண்டு வெகுநாளாகியிருந்தது. நானும் மகளும் இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. கையெல்லாம் கரி.

பக்கத்து வரிசையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயதான ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கூடையை வைத்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இடுப்பிலிருந்த கவாத்துக் கத்தரியை எடுத்து, அதன் மழுங்கிய முனையைச் செயினுக்கு அடியில் கொடுத்து, ஒரு கையால் பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினார். டக்கென்று செயின் வெளியே வந்தது. அந்தக் கைகளை நான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் ஊதாக் கறை, நகத்துக்குள் மண். என் அப்பாவின் கை அறுவடைக் காலத்தில் அப்படித்தான் இருக்கும்.

மகள் நன்றி சொல்லி, "எங்க ஊரிலும் திராட்சை விளையும்" என்று அவரிடம் பிரெஞ்சில் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது. போய் ஒரு குலையை வெட்டிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார். பினோ நுவார் என்ற வகை. குலை என் கைக்குள் அடங்கிவிட்டது. பழம் சிறியது, மணிக்கு மணி இடைவெளியே இல்லாமல் நெருங்கி, கறுத்து, மேலே வெள்ளைப் பூச்சோடு இருந்தது. வாயில் போட்டால் தோல் தடிப்பு, கொட்டை, கொஞ்சம் சாறு. நம் பன்னீர்த் திராட்சையின் அந்த வாசம் இதில் இல்லை. ஆனால் அந்தச் சிறிய சாற்றுக்குள் அடங்கியிருந்த இனிப்பும் புளிப்பும், அப்பா! நாக்கில் நெடுநேரம் நின்றது.

"வொல்னேயில் நல்ல பழம்" என்று மகளைச் சொல்லச் சொன்னேன். பெரியவர் இல்லையென்று தலையை ஆட்டினார். "இது கையெரே" என்றார். குனிந்து காலடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என்னிடம் கொடுத்தார். கையெரே என்றால் சிறு கற்கள் நிறைந்த இடம் என்று பொருள். அந்தத் துண்டு நிலத்தின் பெயர் அது! பாதைக்கு அந்தப் பக்கம் வேறு பெயர். மேலே வேறு பெயர். கீழே வேறு பெயர்.

அன்று முழுவதும் அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டே சைக்கிள் விட்டேன். பொம்மாரில் ஒரு நிலத்துக்குச் செம்மண்ணால் வந்த பெயர். இன்னொன்றுக்கு முட்செடியால் வந்த பெயர். மெர்சோ ஊரில் ஒன்று கல்குவாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வொல்னேயில் ஒன்று கருவாலி மரத்தின் பெயர். இப்படிப் பெயரும் எல்லையும் கொண்ட நிலத்துண்டை அவர்கள் கிளிமா என்கிறார்கள். அந்தச் சரிவில் மொத்தம் 1,247 கிளிமாக்கள். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது எதை என்று நினைக்கிறீர்கள்? கோட்டையையா? அரண்மனையையா? இந்தப் பெயருள்ள வயல்களையும், அவற்றைச் சுற்றி வளர்ந்த ஊர்களையும்!

பெயர் வெறும் பெயராக இருந்தால் நான் இவ்வளவு உணர்ச்சியோடு பேசமாட்டேன். மறுபடியும் சைக்கிளில் ஏறுவோம், வாருங்கள். புலிஞி என்ற ஊருக்கு மேலே மூன்று தோட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடியில் பத்தார் மொன்ராஷே. ஒரு குறுகிய சாலையைத் தாண்டினால் மொன்ராஷே. அதற்கும் மேலே ஷெவாலியே மொன்ராஷே. மூன்றிலும் ஒரே வகை, ஷார்தொனே. ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் மூன்றின் மதுவும் வேறு வேறு. விலையும் வேறு வேறு. நடுவில் இருக்கும் மொன்ராஷே எட்டு ஹெக்டேர்தான், நம் இருபது ஏக்கர். உலகத்தின் மிக உயர்ந்த வெள்ளை மதுக்களில் ஒன்று அங்கே பிறக்கிறது. ஏன்? கீழே இருப்பது களி கூடிய ஆழமான மண், ஈரம் தங்கும். மேலே பாறைமேல் மெல்லிய மண். கொடி பாடுபட வேண்டும். நடுவில் சரிவும் மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் பொருந்தி நிற்கின்றன. தண்ணீர் தேங்காமல் வடிகிறது, காலை வெயில் நேராக விழுகிறது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தபோது தலையாட்டினேன். சைக்கிளில் போனபோதுதான் புரிந்தது. கீழே பெடல் தானாகச் சுற்றியது. சாலையைத் தாண்டியதும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. மேல் தோட்டத்தின் ஓரம் வந்தபோது இறங்கித் தள்ளினேன். மூன்று தோட்டம், மூன்று விதமான உழைப்பு! நூற்றாண்டுகளாக அங்கே தோளில் கூடை சுமந்தவர்கள் கண்டுபிடித்ததை என் முழங்கால் பத்து நிமிடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நடந்தாலும் இது தெரியும். ஆனால் ஒரு நாளில் இரண்டு ஊருக்குமேல் பார்க்க முடியாது. காரில் எல்லா ஊரும் பார்க்கலாம். ஆனால் ஒரு மேடும் தெரியாது. சைக்கிளில் ஊரும் கிடைக்கிறது, மேடும் கிடைக்கிறது. வழியில் ஒருவர் கையசைத்தால் நிற்கவும் முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களுடைய பழைய நில அளவைக்கு ஊவ்ரே என்று பெயர். ஒரு ஆள் ஒரு நாளில் மண்வெட்டியால் கொத்தக்கூடிய நிலம் ஓர் ஊவ்ரே. 4.28 ஆர். நம் கணக்குப்படி ஏறக்குறைய பத்தரை சென்ட். இன்றைக்கும் நிலம் விற்கும்போது அந்தப் பேச்சு வருகிறது. ஒரு மனிதனின் ஒரு நாள் முதுகுவலிதான் அங்கே அளவுகோல்! குழியும் மாவும் வேலியும் என்று அளந்த நம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும்.

அடுத்த நாள் வடக்கே போனோம். வூழோ என்ற இடத்தில் கல் மதில் சூழ்ந்த 50 ஹெக்டேர் தோட்டம். 1098இல் தொடங்கிய சித்தோ மடத்துத் துறவிகள் உருவாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. பிறகு பிள்ளைகளுக்குச் சமபாகம் என்ற வாரிசுச் சட்டம். இன்று அந்த ஒரே மதிலுக்குள் எண்பதுக்கு மேற்பட்ட உடைமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம். பாகப்பிரிவினை பார்த்த குடும்பங்கள் இங்கே எத்தனை! ஆனால் நண்பர்களே, இதைக் கவனியுங்கள். நிலம் எண்பது பேருக்குப் பிரிந்தது, பெயர் பிரியவில்லை.

சற்றுத் தள்ளி, வோன் என்ற ஊருக்கு மேலே, ஒரு கல் சிலுவை. அதன் பின்னால் நாலரை ஏக்கருக்கும் குறைவான ஒரு தோட்டம். அதுதான் ரொமானே கொந்தி. உலகின் விலை உயர்ந்த மதுக்களில் ஒன்று பிறக்கும் மண். சுற்றிலும் இடுப்பு உயரம்கூட இல்லாத மதில். உள்ளே போகாமல் பாதையிலேயே நின்று பாருங்கள் என்று ஒரு பலகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸ் முழுவதும் திராட்சையை அழித்ததே, அப்போது பெரும்பாலோர் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிப் பிழைத்தார்கள். இந்தத் தோட்டக்காரர்களோ ஒட்டு இல்லாத பழைய கொடிகளை மருந்து கொடுத்துக் கொடுத்துக் காப்பாற்றி வந்தார்கள். போர்க்காலத்தில் மருந்துக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. 1945 அறுவடையோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 1946 முதல் 1951 வரை அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. ஆறு வருடம்! மண் அதே மண்தான், பெயருக்கும் மதிப்புக்கும் குறைவில்லை. புதுக்கொடி பக்குவத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. நாம் எல்லோரும் கொடிக்குத் தெளிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும், அந்தப் பெயரே பிரான்ஸின் போர்தோ ஊர்ப் பெயர்தான். அங்கே பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருக்க நீலமும் வெள்ளையுமாக இந்தக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். மற்ற கொடிகள் அடிச்சாம்பல் நோயில் இலை உதிர்த்து நின்றபோது பாதையோரக் கொடி மட்டும் பச்சையாக நின்றது. மில்லார்தே என்ற பேராசிரியர் அதைப் பார்த்தார். 1885இல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். வழியில் போகிறவன் கண்ணைத் திறந்துகொண்டு போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பெரியோர்களே, உங்களில் சிலருக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். மதுத் தோட்டம் பார்க்கப் போவது குடிக்கப் போவதுதானே என்று. நான் குடிப்பதில்லை. அங்கே போயும் குடிக்கவில்லை. நிலவறைக்குள் போனேன், குளிர்ந்த கல் வாசமும், புளித்துப் பொங்கும் சாற்றின் வாசமும் நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு வந்தேன். யாரும் என்னைக் குறைவாக நடத்தவில்லை. அங்கே தொழில்காரர்களே ஒரு வாய் சுவைத்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற அந்த நாட்டு வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று பிரெஞ்சுக்காரர்கள் போற்றும் பொல் த விவி, 1930இல் மறைந்தவர், பயணத்தின்போது மதுவையும் இறைச்சியையும் புகையிலையையும் தள்ளி வையுங்கள் என்றுதான் தன் தோழர்களுக்கு அறிவுரை சொன்னார்.

சைக்கிளும் விடுமுறையும் அங்கே ஒன்றாகப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. 1936 வரை பிரெஞ்சுத் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்று ஒன்று கிடையாது. பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆண்டு ஜூனில் இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவர்கள் எதில் ஏறிக் கிராமத்துக்கும் கடலுக்கும் போனார்கள்? சைக்கிளில். கணவனும் மனைவியும் முன்னும் பின்னும் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில். தன் நாட்டை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த உழைப்பாளிகள் அவர்கள்! நம் வீடுகளில் விடுமுறை என்றால் என்ன? ஒரு வேன் பிடிக்கிறோம். மூன்று நாளில் ஒன்பது ஊர். திரும்பி வந்து, பார்த்த ஊரைவிட நின்ற ஓட்டல்தான் நினைவில் இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

முதல் நாள், சாந்தனேயில் பாதை முடிந்த மாலை, மகள் ஒரு செய்தி சொன்னாள். போன் நகரத்தில் திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகளை 1354 முதல் ஆண்டுவாரியாகத் திரட்டி வைத்திருக்கிறார்கள். அறுநூறு ஆண்டுக்கு மேல்! அதை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டது என்று தெரிந்தது. பூமி சூடாகிறது என்பதற்கு அவர்கள் வீட்டுக் கணக்குப் புத்தகமே சாட்சி. நான் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நம் பன்னீர்த் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கொண்டுவந்தார் என்று சொல்கிறோம். 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடித்தோம், சரிதான். ஆனால் என் தாத்தா எந்த மாதம் எந்தத் தேதியில் அறுத்தார் என்று என் வீட்டில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கிறதா?

ஊருக்கு வந்ததும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் தோட்டத்துக்கு என்ன பெயர் அம்மா என்று கேட்டேன். "தோட்டம்தான்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "மேல இருக்கிறது கல்லாங்குத்து. கிணத்துக்குக் கீழ செவக்காடு. ஓடைய ஒட்டி முள்ளுப்புஞ்சை. உங்க தாத்தா அப்படித்தான் சொல்லுவாரு" என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல், செம்மண், முள்! வொல்னேயிலும் பொம்மாரிலும் நான் நோட்டில் குறித்துக்கொண்ட அதே மூன்றும் என் வீட்டில், என் அம்மாவின் வாயில் இருந்தன. என் பட்டாவில் அந்தப் பெயர் ஒன்றுகூட இல்லை. சர்வே எண் இருக்கிறது. என் மகளுக்குக் கையெரே தெரியும், கல்லாங்குத்து தெரியாது.

கல்லாங்குத்துப் பழம் ஏன் எப்போதும் பத்து நாள் முந்திப் பழுக்கிறது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதையும் அம்மாதான் நினைவுபடுத்தினார்கள். கல் சூடு பிடிக்கும் என்றாராம்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பழைய பேருந்து நிலையத்துக்கு முன்னால் நான் சைக்கிளோடு நிற்பேன். சுருளிப்பட்டிப் பக்கம் போகிறேன். வழியில் எந்தத் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் இறங்கி, இந்த நிலத்துக்கு என்ன பெயர் ஐயா என்று கேட்கப்போகிறேன். பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே, வர விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். செயினுக்கு இன்று இரவே எண்ணெய் போட்டுவிடுங்கள்.